பிளீச்சிங் பவுடர்மேல் ஆசிட் ஊற்றாதீர்கள்

பாத்ரூம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேலேயே டாய்லெட் ஆசிட்டையும் ஊற்றுகிறவர்கள் உண்டு. உடனே நெடி கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், இருமல் விடாது. 'நன்றாக வேலை செய்கிறது' என்று நினைத்துவிட வேண்டாம். பவுடரில் இருந்த குளோரின் வாயுவாக வெளியேறுகிறது.

மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு இது. காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனம் என்பதால் தரையோடு தங்கும். குனிந்து தேய்ப்பவரைத்தான் முதலில் தாக்கும். மூச்சுக்குழாயின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகி அரிக்கும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

காலரா, டைபாய்டு கிருமிகளைக் குடிநீரில் கொல்வதும் குளோரின்தான். எல்லாம் அளவில் இருக்கிறது. இந்தியத் தர அளவுப்படி, குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குடிநீர்த் தொட்டி இயக்குபவரிடம் உள்ள குளோரோஸ்கோப் என்ற சோதனைக் கருவியில் இதைப் பார்க்கலாம்: குழாய்த் தண்ணீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டால் மஞ்சளாக மாறும், அந்த நிறத்தை அளவு வண்ணங்களோடு ஒப்பிடுவார்கள். உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் சோதிக்கச் சொல்லுங்கள். நிறமே மாறவில்லையா? ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்துமூலம் புகார் கொடுங்கள், கிராம சபையில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சோதனைப் பதிவேட்டின் நகலைக் கேட்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஆசிட், வினிகர், அமோனியா கலந்த கிளீனர் எதனோடும் சேர்க்காதீர்கள்.

• கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு வேலை செய்யுங்கள்.

• ஆசிட்டையோ பிளீச் திரவத்தையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு.

• லேபிள் இல்லாமல் விற்பதை வாங்காதீர்கள். பொருளில் என்ன இருக்கிறது என்று அறிவது நுகர்வோர் உரிமை. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாயுவை சுவாசித்துவிட்டால் உடனே திறந்தவெளிக்கு வாருங்கள். கண்ணை ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நெடி ஏறிய உடையை மாற்றுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். முதலில் சரியானதுபோல் தோன்றி, சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம்; அதனால் இருமல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலும் அந்த நெடியில் நிற்பவர்கள் அவர்கள்தான்.