ஈரக் கூந்தலும் 230 பாகைச் சூடும்

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலைமுடி காய்வதற்குள் ஸ்ட்ரெய்ட்னரைக் கையில் எடுக்கும் வீடுகள் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உண்டு. முடியில் ஈரம், தரையில் ஈரம், கேத்தலும் இஸ்திரிப் பெட்டியும் பங்குபோட்டுக்கொள்ளும் ஒரே பிளக் பாயிண்ட், கோயிலுக்குக் கிளம்பும் அவசரம். ஆண்டில் வேறெந்த நாளிலும் இவை இப்படி ஒன்றுசேர்வதில்லை.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் நெளிவை ஓரளவு பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். சூடு பட்டு ஈரம் வெளியேறும்போது அவை விலகி, புது வடிவத்தில் மறுபடி அமர்கின்றன. ஈரம் திரும்ப ஏறினால் நெளிவும் திரும்பும். அலையாத்திக் காடும் நெல்வயலும் சூழ்ந்த இந்தக் கரையில், கோல சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான்வரை, விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். அக்டோபர், நவம்பர் மாதங்களிலோ மாலைதோறும் இடிமழை. நேராக்கிய முடி அர்ச்சனை முடிவதற்குள் சுருளத்தான் செய்யும். சூடு போதவில்லை என்று நினைத்து 180-இல் இருந்ததை 230-க்குத் தள்ளுகிறார்கள். காற்றிலிருந்து ஏறும் ஈரத்துக்கு நீங்கள் எத்தனை பாகை வைத்தீர்கள் என்பது பொருட்டே இல்லை. வைத்த சூட்டுக்கு விலை கொடுப்பது முடி மட்டும்தான்.

அந்த விலையைக் கணக்கிடலாம். நன்கு உலர்ந்த முடியின் கெரட்டின் ஏறத்தாழ 220 பாகை செல்சியஸுக்கு மேல் உருக்குலையத் தொடங்குகிறது. ஈரமான முடியில் அந்த எல்லை 150 பாகை அளவுக்கு இறங்கிவிடும். கொதிக்கும் நீர் இழைக்குள்ளேயே ஆவியாகிக் குமிழிடும். தோல் மருத்துவத்தில் இதைக் குமிழ் முடி என்கிறார்கள். சுருட்டும் கருவியை 125 பாகையில் ஒரு நிமிடம் ஈர முடியில் பிடித்தாலே இது நேர்வது பரிசோதனையில் தெரிந்திருக்கிறது. ‘சுர்’ரென்று சத்தமும் ஆவியும் வந்தால் குமிழி உண்டாகிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குமிழி கண்ட இழை அந்த இடத்தில் ஒடியும். வெட்டி எறிவதைத் தவிர மருந்தில்லை. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் எந்தத் தைலமும் அதை ஒட்டவைக்காது.

எண்ணெயின் கதை வேறு. செக்குத் தேங்காயெண்ணெய் 175 பாகை வாக்கில் புகைய ஆரம்பிக்கும். சீயக்காயில் முழுதாகப் போகாத எண்ணெயோடு 200 பாகைத் தகட்டை அழுத்தினால் புகையும், தகட்டில் கருகல் படியும், சூடான எண்ணெய் உச்சந்தலையையும் காதோரத்தையும் சுடும். எண்ணெய்க் குளியல் விடியலில்தான் என்றால், நேராக்கும் வேலையை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது பாகையை எண்ணில் காட்டும், குறைக்கவும் கூட்டவும் வழியுள்ள கருவி. வெறும் சிவப்பு விளக்கு மட்டும் எரியும் மலிவுச் சாமானில் தகடு எத்தனை பாகையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. மெல்லிய முடிக்கு 150, அடர்ந்த முடிக்கு 180. அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். ஹேர் டிரையர் போன்ற வீட்டு மின்சாதனங்களை எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் விற்கக்கூடாது என்கின்றன 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகள். பசார் மாலாமில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அந்த ஒப்புதலைக் காட்டும் சிரிம் முத்திரையைத் தேடுங்கள். வெளிநாட்டு உறவினர் தந்த கருவியில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அதை இங்கே செருகவே கூடாது. நம் 230–240 வோல்ட்டில் அது இருமடங்கல்ல, ஏறத்தாழ நான்கு மடங்கு மின்திறனை இழுக்கும்.

இருமுனைப் பிளக்கைச் செருக, மேல் துளையில் சாப்ஸ்டிக்கையோ பேனாவையோ குத்தும் வித்தையை இந்நாட்டில் அறியாதவர் குறைவு. எர்த் முள் நுழைந்தால்தான் கீழ்த் துளைகளின் தடுப்பு விலகவேண்டும் என்று வடிவமைத்ததை ஒரு குச்சியால் ஏமாற்றுகிறோம். தளர்ந்த பிடியில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். மும்முனைப் பிளக்கில் இருக்கும் ஃபியூஸும் இருமுனைப் பிளக்கில் கிடையாது. மெல்லிய இருமுனைப் பிளக் 2.5 ஆம்பியருக்கானது, 1,800 வாட் டிரையர் இழுப்பதோ ஏறத்தாழ 7.5 ஆம்பியர். அதே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் கேத்தலும் சேர்ந்தால் 13 ஆம்பியர் எல்லை உடையும்.

ஈரக் கையோடு தொடுகிறவரைக் காப்பது, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடி. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30 மில்லி ஆம்பியர், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் என்று அதே ஒழுங்குவிதிகள் வரையறுக்கின்றன. உங்கள் மின்பெட்டியிலுள்ள ஆர்சிடியில் 100 என்று மட்டும் எழுதியிருந்தால், அது மனித உடலைக் காக்கப் போதாது. ‘T’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். டிரிப் ஆகவில்லையென்றால் பதிவுபெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதை நிர்வாகத்திடமே கேட்கலாம். தொழிலாளர் வீட்டுக்கு மின்சார வசதி தருவது 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 446-இன்படி முதலாளியின் கடமை.

அணைத்த பிறகும் ஸ்ட்ரெய்ட்னரின் தகடு பத்துப் பதினைந்து நிமிடம் சுடும். தொங்கும் வயரை இழுக்கும் குழந்தைக்கு அந்த நேரம் போதும்; 60 பாகை வெந்நீரே ஐந்து வினாடியில் தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதுவும் வேண்டாம். அவை புண்ணை மறைத்து மருத்துவரின் வேலையைக் கெடுக்கும். முகத்திலோ உள்ளங்கையிலோ சுட்டிருந்தால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் சுத்தமான துணியால் மூடி, தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ வேறு பக்கத்து மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.