கேழ்வரகு வயலில் இயற்கைத் தேர்வு

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பக்கத்தில் கேழ்வரகு விதைத்து, முதற் களையெடுப்புக்கு இறங்குகின்றவர்களுக்கு ஒரு தொல்லை நன்கு தெரியும். பயிரோடு பயிராக ஒரு புல் முளைத்து நிற்கும். இலையும் தூரும் கேழ்வரகைப் போன்றே இருக்கும். அடித்தண்டு சற்றுத் தட்டையாகவும் வெளுத்தும் இருப்பதைக் கூர்ந்து நோக்கினால் மட்டுமே அது களை என்பது புலப்படும். கதிர் வாங்கிய பின்னர்க் காண்பவருக்கு ஐயம் இராது. ஏனெனில் அதன் கதிர் விரல்கள் மெலிந்தும் மணிகள் பயனற்றும் இருக்கும். ஆனால் அதற்குள் அது பயிருக்கிட்ட எருவையும் நீரையும் உண்டு, ஆயிரக்கணக்கான விதைகளை நிலத்தில் உதிர்த்துவிடுகின்றது.

இப்புல்லுக்கும் கேழ்வரகுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று. இரண்டும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள். இந்த உறவு எவ்வாறு உண்டாயிற்று, பங்காளிகளுள் ஒன்று நமக்கு உணவாகவும் மற்றொன்று பகையாகவும் ஆனதேன் என்பவற்றை அறிந்துகொள்வது வெறும் கல்விப் பொழுதுபோக்கு அன்று. விதை பொறுக்குவதற்கும், களை எடுப்பதற்கும், பூச்சி மருந்து தெளிப்பதற்கும் இந்த அறிவு நேரே பயன்படுவதாகும்.

மூன்று உண்மைகள்

உயிர்வகைகள் காலப்போக்கில் மாறுகின்ற முறையை 1858-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தவர்களாகிய சார்லஸ் டார்வினும் ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸும் வெளியிட்டனர். மறு ஆண்டு, 1859-இல், டார்வின் தமது பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் முதல் அத்தியாயம் காட்டு விலங்குகளைப் பற்றியதன்று. பண்ணையில் வளர்க்கப்படும் பிராணிகளையும் செடிகளையும் பற்றியது. அவர் தாமே புறாக்களை வளர்த்து, புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, அவர்கள் ஜோடி சேர்க்கும் முறைகளைக் கேட்டறிந்தார். ஆகவே இக்கொள்கையின் வேர் குடியானவர்களுடைய அனுபவத்திலேயே ஊன்றியுள்ளது.

அக்கொள்கை மூன்று உண்மைகளின்மேல் நிற்கின்றது. முதலாவது, ஒரு வகைக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வேற்றுமை உண்டு. நாட்டுக் கேழ்வரகு விதைத்த ஒரே வயலில் சில செடிகள் முந்திக் கதிர் வாங்கும், சில பிந்தும். சிலவற்றின் கதிர் மூடியிருக்கும், சிலவற்றினது விரிந்திருக்கும். இரண்டாவது, இவ்வேற்றுமைகளுட் பல வித்தின் வழியே சந்ததிக்குச் செல்கின்றன. மூன்றாவது, பிறப்பன யாவும் பிழைப்பதில்லை. ஒரு கேழ்வரகுக் கதிரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் இருக்கக்கூடும். அவையெல்லாம் முளைத்துச் செடியாகிப் பலன் தருமாயின், சில வருஷங்களில் தாலுக்கா முழுவதும் இடம் போதாது.

பிறப்பன பல, பிழைப்பன சில. எவை பிழைக்கும்? மழை முன்னதாகவே நின்றுபோன வருஷத்தை எண்ணிப் பார்க்கலாம். முந்திக் கதிர் வாங்கியவை மணி பிடிக்கும், பிந்தியவை பதராகும். அந்த வயலின் விதையையே மறு வருஷம் விதைத்தால் முந்தி விளைபவை முன்னிலும் மிகுதியாயிருக்கும். இதனை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எந்தச் செடியும் தன்னை மாற்றிக்கொள்ளவும் இல்லை. வறட்சி என்னும் சல்லடை ஒருமுறை சலித்தது, அவ்வளவே. இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சலிக்கப்படுவதைத்தான் இயற்கைத் தேர்வு என்பர்.

அரிவாள் செய்த தேர்வு

கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்கள். இன்றும் அங்கே அதன் காட்டு மூதாதை வளர்ந்து வருகின்றது. மணி முற்றியதும் கதிரிலிருந்து உதிர்ந்துவிடுவது அக்காட்டு வகையின் இயல்பாகும். காட்டுச் செடிக்கு அதுவே நன்மை. விதை சிதறினால்தான் வம்சம் பரவும். ஆனால் கதிரை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவரும் மனிதனுடைய கைக்கு, உதிராமல் கதிரிலேயே தங்கிய மணிகள்தாம் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றையே அவன் மறுபடி விதைத்தான். ஆயிரக்கணக்கான வருஷங்களாக இது நடந்தேற, உதிராத கேழ்வரகு உண்டாயிற்று. இந்தியாவுக்கு மிகப் பழங்காலத்திலேயே வந்து சேர்ந்தது இக்கேழ்வரகுதான். களத்தில் நாம் அடித்தாலன்றி மணி பிரியாமலிருப்பது முன்னோரின் அரிவாள் அறியாமலே செய்த தேர்வின் பலன்.

இனி, நம் வயற் களையைக் கவனிப்போம். உயிரணுவுக்குள் இருந்து குலப்பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம் என்னும் இழைகள் இக்களைக்கு 18, கேழ்வரகுக்கு 36. இக்களையோ, அதற்கு மிக நெருங்கிய ஒரு புல்லோ, பண்டைக் காலத்தில் வேறொரு புல்லோடு கலந்ததனாலும், பின்னர் இழைகளின் தொகை இரட்டித்ததனாலுமே கேழ்வரகின் மூதாதை தோன்றியது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இழைகளின் எண்ணிக்கை வேறுபட்டபின் இரு தரத்தாரும் கலந்து வளமான சந்ததி பெறுதல் இயலாது. இவ்விதம் குடும்பம் பிரிந்து, கொடுக்கல் வாங்கலும் நின்றுபோய், தனித்தனி வகைகளாதலே புதிய உயிர்வகைகள் தோன்றும் வழிகளுள் ஒன்று. மலையோ கடலோ இடையிட்டு நெடுங்காலம் பிரிந்திருப்பதனாலும் இவ்வாறு நேர்வதுண்டு.

களையெடுக்கும் கையும் ஒரு சல்லடையே

கேழ்வரகுக் களையின் ஒற்றுமை முக்கியமாக உறவினால் வந்தது. நெல் வயலிலோ வேறொரு விந்தை நிகழ்கின்றது. அங்கு முளைக்கும் குதிரைவாலி இனத்துக் களைப்புல் இயல்பில் படர்ந்து, தூர் சிவந்து வளர்வது. ஆனால் கையால் களையெடுக்கும் வயல்களில் அதில் ஒரு பிரிவு நிமிர்ந்து, பச்சைத் தூருடன், நெல்லைப் போலவே நிற்கின்றது. காரணம் வெளிப்படை. நெல்லினின்று வேறாகத் தெரிந்தவற்றை மனிதர் பிடுங்கியெறிந்தனர். தெரியாதவை தப்பி விதை உதிர்த்தன. சீனாவில் யாங்சி ஆற்றுப் பகுதிக் களைகளை ஆராய்ந்தவர்கள், இந்த மாறுவேஷம் ஏறத்தாழ ஆயிரம் வருஷங்களுக்கு முன்னர்த் தொடங்கியதென்று 2019-இல் வெளியிட்டனர். கூரிய கண்ணுடன் களையெடுத்தவர்களே கள்ளக் களையை வளர்த்தார்கள் என்பது வியப்பன்றோ!

களைக்கொல்லி மருந்தும் இவ்வாறே. ஹரியானாவில் கோதுமை வயல்களில் முளைக்கும் ஒரு புல்லுக்கு ஐசோபுரோடியூரான் என்னும் மருந்து பல வருஷங்கள் தொடர்ந்து இடப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அம்மருந்துக்கு மடியாத புல் அங்கே பரவி, கோதுமை மகசூலைப் பெரிதும் பாதித்தது. ஒரே பயிரும் ஒரே மருந்தும் மாறாமல் தொடர்ந்ததே அதற்கு இடங்கொடுத்தது.

பூச்சி மருந்துக்குப் பழகுகின்றதா?

“பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது” என்று குடியானவர்கள் சொல்வதுண்டு. அனுபவம் மெய், காரணம் தவறு. எந்தப் புழுவும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதில்லை. மருந்து தாங்காத புழு மடிகின்றது. தாங்கும் இயல்போடு முன்னமே பிறந்திருந்த சில புழுக்கள் பிழைத்து வம்சம் விருத்தி செய்கின்றன.

ஒரு கணக்கால் இது விளங்கும். ஒரு வயலில் 10,000 புழுக்கள் இருப்பதாகவும், அவற்றுள் ஆயிரத்துக்கு ஒன்று வீதம் 10 மட்டும் மருந்தைத் தாங்கக்கூடியவை என்றும் வைத்துக்கொள்வோம். மருந்து தெளித்தால் மற்றவற்றுள் நூற்றுக்கு 99 மடிகின்றன. எஞ்சுபவை ஏறத்தாழ 100. அவற்றோடு தாங்கிய 10. குடியானவர் கண்ணுக்கு வயல் சுத்தமாகத் தோன்றும். ஆனால் முன்பு ஆயிரத்தில் ஒன்றாயிருந்தது இப்பொழுது பதினொன்றில் ஒன்றாகிவிட்டது. பெற்றோர் இயல்பே பிள்ளைகளுக்கு வருமென்று கொண்டால், இவை மறுபடி 10,000 ஆகப் பெருகும்போது தாங்குபவை சுமார் 900. மீண்டும் அதே மருந்தைத் தெளித்தால் எஞ்சும் ஆயிரத்தில் சுமார் 900 தாங்குபவையாகவே இருக்கும். உண்மையில் கலப்பினால் இவ்வளவு விரைவாக நேராமற் போகலாம். எனினும் போகும் திசை இதுவே. மருந்தின் அளவைக் கூட்டுவது சல்லடையின் கண்ணைச் சிறிதாக்குவதேயன்றி வேறில்லை.

பருத்தியில் இது கண்கூடாக நிகழ்ந்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி 2002-இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. அத்துடன், வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியையும் சில வரிசைகள் விதைக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டு, அதற்கென்று 120 கிராம் விதை தனிப் பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. அவ்வரிசைகளில் வளரும் சாதாரணப் புழுக்கள், நஞ்சைத் தாங்கும் புழுக்களோடு கலந்து, அவ்வியல்பு பெருகாமல் தடுக்கும் என்பதே அதன் நோக்கம். பலர் அதனை வீண் செலவென்று எண்ணி விதையாமல் விட்டனர். குஜராத்தில் அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகத், ராஜ்கோட் ஜில்லாக்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்நஞ்சைத் தாங்கிவிட்டது என்று 2010-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு நஞ்சுகளையுடைய பருத்தி 2006-லேயே வந்திருந்தது. சில வருஷங்களில் அதுவும் அப்புழுவுக்கு இரையாயிற்று.

நெல்லுக்குப் பகையாகிய புகையானும் இப்பாடத்தையே புகட்டுகின்றது. அதற்கு எதிர்ப்புள்ள ஐ.ஆர். 26 என்னும் நெல் 1973-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் வெளியிடப்பட்டது. மூன்று நான்கு வருஷங்களுக்குள் அந்நெல்லையும் உண்ணும் புகையான் அங்குப் பெருகிவிட்டது. 1976-இல் ஐ.ஆர். 36 அதற்குப் பதிலாக வந்தது. இந்தியப் புகையானோ வேறு வம்சத்தது, அது ஐ.ஆர். 26-ஐ முதலிலிருந்தே உண்டது. ஆகவே ஓரிடத்தில் நின்ற எதிர்ப்பு வேறோரிடத்தில் நிற்கும் என்று எண்ணுதல் கூடாது.

பல்வகை விதையே பாதுகாப்பு

தேர்வு நடைபெற வேண்டுமாயின் தேர்ந்தெடுக்கப் பல இருத்தல் வேண்டும். எல்லாச் செடியும் ஒரே தன்மையாயிருந்தால், ஒரு நோய்க்கு ஒன்று மடியும்போது எல்லாம் மடியும். கேழ்வரகைத் தாக்கும் குலைநோயை எதிர்க்கும் தன்மை ஆப்பிரிக்க வகைகள் சிலவற்றில் இருந்தது. கர்நாடகத்தில் மாண்டியாவிலுள்ள விசுவேசுவரய்யா கால்வாய்ப் பண்ணையில் இலட்சுமணய்யா என்னும் ஆராய்ச்சியாளர் இந்தியக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து ‘இண்டாப்’ என்னும் வகைகளை உண்டாக்கினார். பிரிந்துபோன பங்காளிகளை மறுபடி கூட்டியதால் மகசூலும் உயர்ந்தது, நோயெதிர்ப்பும் கிடைத்தது. எங்கோ ஒரு மலைக்கிராமத்துக் குடியானவர் தம் பழைய விதையை விடாமல் வைத்திருந்ததே இதற்கு முதலாயிற்று. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் போன்றவை புதிய கேழ்வரகு வகைகளை வெளியிட்டு வருகின்றன. அவற்றைப் பயிரிடுவது நன்றே. ஆயினும் கிராமத்தில் வழிவழியாக வந்த விதை ஒருமுறை அற்றுப்போனால், அதனை எந்த ஆராய்ச்சி நிலையமும் புதிதாகப் படைக்க முடியாது.

கவனிக்க வேண்டியவை

1. கேழ்வரகு விதைக்குரிய கதிர்களைக் களத்துக் குவியலிலிருந்து எடுக்காமல், நின்ற பயிரிலேயே பார்த்துப் பொறுக்க வேண்டும். வரப்போரத்திலும் எருக்குவித்த இடத்திலும் செழித்த செடிகளை விலக்குக. அச்செழிப்பு எருவினால் வந்தது; வித்தின் வழியே செல்லாது. நடு வயலில், மற்றவற்றோடு சமமான மண்ணில் நின்று சிறந்ததே மெய்யாகச் சிறந்தது.

2. ஒன்றிரண்டு செடிகளிலிருந்து மட்டும் விதை எடுக்கலாகாது. பல செடிகளின் கதிர்களைச் சேர்த்துக்கொள்க.

3. கேழ்வரகை வரிசையாக விதைப்பதும் நடுவதும் நலம். வரிசைக்கு வெளியே நிற்பது எதுவாயினும் களையே. எவ்வளவு ஒத்திருந்தாலும் ஏமாற வேண்டுவதில்லை. தப்பிய களையைக் கதிர் முற்றுமுன் அகற்றிவிட வேண்டும்.

4. ஒரே பூச்சி மருந்தையும் ஒரே களைக்கொல்லியையும் தொடர்ந்து பயன்படுத்தலாகாது. பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் சரக்கு ஒன்றாயிருப்பதுண்டு. ஆகையால் வேளாண்மை அலுவலரைக் கேட்டு, வேறு விதமாக வேலை செய்யும் மருந்தை மாற்றித் தெளிக்க வேண்டும். சேதம் மிகுமென்று கண்டாலன்றித் தெளிக்காதிருத்தலே சிறந்தது.

5. பயிரை மாற்றி மாற்றிச் செய்க. பருத்தி அறுவடை முடிந்ததும் மாறுகளை வயலில் நெடுநாள் விட்டுவைக்க வேண்டாம்.

இவற்றுட் பின்னிரண்டும் ஒருவர் மட்டும் செய்து பயனடையத்தக்கவை அல்ல. புழுவுக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒரு வயலில் மருந்துக்குத் தப்பிய வம்சம் அடுத்த வருஷம் ஊர் முழுவதற்கும் உரியதாகிவிடும். ஆகையால் கிராம அதிகாரிகள் விதைப்புக்கு முன்னர் நிலமுடையோரை ஒருங்கு கூட்டி, இன்னின்ன மருந்து, இன்னின்ன பயிர்மாற்றம் என்று பேசி முடிவுசெய்தல் நலம். ஊரில் பழைய நாட்டு விதை யாரிடம் உள்ளதென்று விசாரித்துக் குறித்துவைத்து, வேளாண்மை அலுவலருக்குத் தெரிவித்தால் அதுவும் பேருதவியாகும்.

இயற்கைத் தேர்வு காட்டில் மட்டும் நடப்பதன்று. ஒவ்வொரு போகத்திலும் ஒவ்வொரு வயலிலும் நடக்கின்றது. விதை பொறுக்கும் கையும், களைக்கொத்தும், மருந்துத் தெளிப்பானும் அதன் சல்லடைகள். சல்லடை குடியானவர் கையில் இருக்கின்றது. எதனை நிறுத்தி எதனைக் கழிக்கின்றோம் என்று அறிந்து சலிப்பவருக்கு அது துணையாகும். அறியாமற் சலிப்பவருக்குக் களையையும் புழுவையும் வளர்த்துத் தரும்.