வயதுக்கேற்ற தசை வலுப் பயிற்சி

தசை வலுப் பயிற்சி என்பது எடை, ரப்பர் பட்டை, சொந்த உடல் எடை போன்ற ஒரு தடைக்கு எதிராகத் தசைகளை இயக்கி, அவற்றை வலுவாக்கும் உடற்பயிற்சி ஆகும். தண்டால், தோப்புக்கரணம், டம்பெல் தூக்குதல் ஆகியன இதில் அடங்கும். இது இளைஞர்களுக்கு மட்டுமே உரியது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் வயது ஏற ஏற இதன் தேவை கூடுகிறது. மாறுவது, தொடங்கும் அளவும் அதைக் கூட்டும் வேகமும்தான்.

முதுமையும் தசையும்

நடுத்தர வயதிலிருந்தே தசையின் அளவும் வலுவும் சிறிது சிறிதாகக் குறைகின்றன. இக்குறைவு மிகுந்த நிலை சார்கோபீனியா எனப்படும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ இயலாமை, படியேறத் திணறுதல், அடிக்கடி விழுதல் ஆகியன இதன் விளைவுகளாக இருக்கலாம். இவற்றை முதுமையின் இயல்பு என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1990இல் அமெரிக்காவில் மரியா ஃபியாடரோன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 90 வயதை ஒட்டிய 10 முதியோர் கண்காணிப்பின்கீழ் 8 வாரம் கால் தசைப் பயிற்சியில் ஈடுபட்டனர். அதை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

சமநிலையான பயிற்சி

ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்தால் சில தசைகள் மட்டுமே வலுப்பெறும். தண்டால் மட்டும் எடுப்பவருக்கு மார்பு வலுப்பெற, முதுகு பின்தங்கிவிடும். எனவே பின்வரும் ஐந்து அசைவுகளும் பயிற்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டும்:

* தள்ளுதல்: தண்டால், முதியோர் சுவரில் கையூன்றிச் செய்யலாம்.
* இழுத்தல்: ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுத்தல்.
* உட்கார்ந்து எழுதல்: தோப்புக்கரணம் அல்லது நாற்காலியில் அமர்ந்து எழுதல்.
* குனிந்து தூக்குதல்: முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கித் தூக்குதல்.
* நடுவுடல்: பிளாங்க் போன்ற பயிற்சிகள்.

வயதும் இலக்கும்

உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயதினர் வாரத்தில் குறைந்தது 3 நாள் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்களில் ஈடுபட வேண்டும். 18 வயதுக்கு மேற்பட்டோர் 2 நாளாவது வலுப் பயிற்சி செய்ய வேண்டும். 65 வயதைக் கடந்தோர் உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளை 3 நாளாவது செய்வது விழுவதைத் தடுக்க உதவும்.

வலுவைப் பெருக்குவதே முதன்மை இலக்கு எனில், அதிக எடையைக் குறைந்த முறை தூக்க வேண்டும். தாங்குதிறனுக்குக் குறைந்த எடையை 15 முறைக்கு மேல் தூக்கலாம். புதிதாகத் தொடங்குவோருக்கு 8 முதல் 12 முறை செய்யக்கூடிய எடை பொருத்தமானது. முதியோர் இன்னும் குறைந்த எடையில் 10 முதல் 15 முறை செய்து தொடங்கலாம்.

முன்னேற்றமும் ஓய்வும்

எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை, 1940களில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம் பரவச் செய்தார். எடுத்துக்கொண்ட எடையில் குறித்த எண்ணிக்கையைவிட ஓரிரு முறை கூடுதலாகச் செய்ய முடிந்தால், எடையைச் சிறிதளவு கூட்டலாம். ஒரே தசைக்கு மீண்டும் பயிற்சி அளிக்குமுன் ஏறத்தாழ 48 மணி நேரம் ஓய்வு தேவை.

கவனிக்க வேண்டியவை

மூச்சை அடக்கி எடை தூக்கினால் இரத்த அழுத்தம் திடீரென உயரும். தூக்கும்போது மூச்சை வெளிவிட வேண்டும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் உள்ளோர் மருத்துவரின் ஆலோசனை பெற்றே தொடங்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.