சந்திரா: எக்ஸ் கதிர் காணும் விண்வெளிக் கண்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த தீவில், திருவரங்கத்தை அடுத்து அமைந்துள்ளது திருவானைக்காவல். 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இவ்வூரில் பிறந்தவர் சர் சி. வி. இராமன். சிதறும் ஒளியை ஆராய்ந்து பொருளின் இயல்பை அறியலாம் என உலகிற்குக் காட்டியவர் அவர். அவருடைய தமையனாரின் மைந்தரே வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய விண்வெளித் தொலைநோக்கி ஒன்று 1999ஆம் ஆண்டு முதல் புவியைச் சுற்றி வருகின்றது. அதுவே 'சந்திரா'.

பெயருக்குரியவர்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் உயர்கல்விக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு அகவை 19. எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி வெண்குறுமீன் ஆகும் என்பது அக்காலத்துக் கருத்து. எல்லா விண்மீன்களுக்கும் இம்முடிவு பொருந்துமா என்று கப்பற்பயணத்திலேயே அவர் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறையே வெண்குறுமீனுக்கு உச்ச எல்லை. அதனை மீறினால் விண்மீனின் உட்கரு மேலும் ஒடுங்கும் என்பது அவர் கண்ட முடிவு. 1935இல் இலண்டனில் அவர் இதனை விளக்கியபோது, புகழ்பெற்ற அறிஞர் எடிங்டன் அவையிலேயே மறுத்துரைத்தார். எனினும் காலம் சந்திரசேகரின் பக்கம் நின்றது; 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வானில் ஏன் நிறுவ வேண்டும்?

வெடித்துச் சிதறிய விண்மீன்களின் எச்சங்களிலும் கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வளிமத்திலும் வெப்பநிலை பல இலட்சம் பாகைகளுக்கு மேல் உயரும். அத்தகைய வெம்மையில் பொருள்கள் எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. புவியின் வளிமண்டலம் அக்கதிர்களை உறிஞ்சிவிடுகின்றது. உயிர்களைக் காக்கும் இக்கவசமே வானியலாளருக்குத் திரையாகிறது. ஆகவே தொலைநோக்கியை வளிமண்டலத்திற்கு அப்பால் நிறுத்துவது இன்றியமையாததாயிற்று.

உரசிச் செல்லும் கதிர்கள்

ஆற்றல்மிக்க எக்ஸ் கதிர், சாதாரண ஆடியின்மீது நேராக விழுந்தால் எதிரொளிக்காது, ஆடிக்குள் புகுந்துவிடும். காவிரி நீரில் செங்குத்தாக எறிந்த கல் மூழ்கிவிடுகிறது. தட்டையான கல்லைத் தாழச் சாய்த்து எறிந்தாலோ அது நீரைத் தொட்டுத் தொட்டுத் தாவிச் செல்கிறது. அதுபோல, ஒரு பாகைக்கும் குறைவான கோணத்தில் வந்து உரசும் எக்ஸ் கதிர் ஆடியில் பட்டுத் திரும்பும்.

ஆதலால் சந்திராவின் ஆடிகள் குழிந்த தட்டுப்போல் இல்லாமல் உருளைபோல் அமைந்துள்ளன. முன்புறத்திலிருந்து நோக்கினால் ஓர் உருளை ஆடி மெல்லிய வளையமாகவே தோன்றும். அதில் படும் கதிர்கள் மிகச் சில. இக்குறையைப் போக்க, திருவரங்கம் கோயிலின் திருச்சுற்றுகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருப்பதுபோல, நான்கு இணை ஆடிகளை ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்தியுள்ளனர். அவற்றுள் பெரியதன் விட்டம் 1.2 மீட்டர். இரிடியம் பூசப்பட்ட அவ்வாடிகளில் இருமுறை உரசும் கதிர்கள், 10 மீட்டர் தொலைவில் குவிகின்றன.

பதிவு செய்யும் கருவிகள்

குவியுமிடத்தில் இரு கருவிகள் மாறிமாறிப் பணியாற்றுகின்றன. ஒன்று, மின்னணுச் சில்லுகளால் ஆன படக்கருவி. ஒவ்வொரு கதிரும் வந்து விழுந்த இடம், நேரம், அதன் ஆற்றல் ஆகியவற்றை அது குறித்துக்கொள்ளும். மற்றொன்று, கோடிக்கணக்கான நுண்கண்ணாடிக் குழாய்களைக் கொண்டது. நுணுக்கமான உருவங்களைப் பதிவு செய்வது. தேவையானபோது, ஆடிகளுக்குப் பின்னே பொன்னாலான கீற்றணிகளை இடையே நிறுத்தலாம். அவை கதிர்களை அலைநீளத்திற்கேற்பப் பிரித்து நிறமாலையாக்கும். அந்நிறமாலையைக் கொண்டு, தொலைவிலுள்ள வளிமத்தில் இரும்பும் சிலிக்கானும் உள்ளனவா என அறியலாம்.

கைக்கு எட்டாத பாதை

1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடம் சந்திராவை ஏந்திச் சென்றது. புவியிலிருந்து மிகுதொலைவாக ஏறத்தாழ 1,40,000 கிலோமீட்டர் வரை செல்லும் நீள்வட்டப் பாதையில் அது சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 64 மணி நேரம் ஆகும். பெரும்பகுதி நேரம் புவியின் கதிர்வீச்சுப் பட்டைகளுக்கு வெளியே இருப்பதால் நெடுநேரம் இடையறாது நோக்க முடிகிறது. ஆனால், ஹபிள் தொலைநோக்கியைப் போல வீரர்கள் சென்று பழுதுபார்க்க இயலாது.

இவ்விடர் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. பட்டைகளைக் கடந்தபோது, புரோட்டான்களும் ஆடிகளில் பட்டுச் சிதறிக் குவியுமிடத்தை அடைந்தன. படக்கருவியின் சில சில்லுகளின் திறன் குன்றியது. காரணத்தை உணர்ந்த அறிஞர்கள், பட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் படக்கருவியைக் குவியத்திலிருந்து விலக்கி வைக்கும் முறையைக் கைக்கொண்டனர். ஐந்தாண்டுப் பணிக்கெனத் திட்டமிடப்பட்ட சந்திரா, 25 ஆண்டுகளையும் கடந்து உழைத்துள்ளது.

கணக்கும் காட்சியும்

1999 ஆகஸ்டில் வெளியான சந்திராவின் முதற்படம், காசியோப்பியா ஏ என்னும் விண்மீன் வெடிப்பின் எச்சத்தைக் காட்டியது. அதன் நடுவே, அதற்குமுன் எவரும் கண்டிராத ஒளிப்புள்ளி ஒன்று தெரிந்தது. ஒடுங்கிய விண்மீன் உட்கருவே அது. நியூட்ரான் விண்மீன் என ஆய்வாளர் கொள்வர். எல்லையை மீறிய உட்கரு மேலும் ஒடுங்கும் என்னும் இளைஞரின் கணக்கிற்கு அப்புள்ளி சான்றாய் நின்றது. 1995இல் மறைந்த சந்திரசேகர் அப்படத்தைக் காணவில்லை.

இந்தியாவும் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆஸ்ட்ரோசாட்' என்னும் விண்வெளி ஆய்வகத்தை ஏவியது. புற ஊதாக் கதிர்களையும் எக்ஸ் கதிர்களையும் ஒருங்கே நோக்கவல்லது அது. இவ்விரு தொலைநோக்கிகளின் தரவுகளும் குறித்த காலத்திற்குப்பின் பொதுப் பயன்பாட்டிற்கு வழங்கப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியில் கணினி முன் அமரும் ஒரு மாணவரும் அவற்றைப் பெற்று, தம் கணக்கை வானோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.