தொடுபலகையும் வியர்த்த விரலும்

மடிக்கணினியில் அம்புக்குறி தாறுமாறாகத் தாவினால் நாம் யாரைக் குறை கூறுகிறோம்? மாணவரைத்தான். கிள்ளான் வட்டாரத் தோட்டப் பள்ளியொன்றின் தலைமையாசிரியனான நானும் அவ்வாறு அதட்டியவனே. திடலில் ஓடியாடிவிட்டு வந்த ஒரு சிறுமி, திரையிலிருந்த படத்தை மும்முறை முயன்றும் நகர்த்த இயலாமல் கண் கலங்கினாள். அவள் விரலையும் தொடுபலகையையும் கைக்குட்டையால் துடைத்தேன். நான்காம் முறை படம் செவ்வனே நகர்ந்தது. தவறு அவளுடையதன்று.

காரணம் யாது? 1994ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் கணினிகளில் இடம்பெற்றுப் பின்னர் எங்கும் பரவிய தொடுபலகை, விரலின் அழுத்தத்தைக் கொண்டு அதன் இடத்தை அறிவதன்று. அதன் அடியில் நுண்ணிய மின்கடத்திகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. மின்சாரத்தைக் கடத்தும் நம் விரல் நெருங்கியதும் அவ்விடத்து மின்தேக்குத் திறன் சற்றே மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே கருவி விரலின் இடத்தைக் கணிக்கிறது. ஈரமும் இத்தகைய மாற்றத்தை விளைவிக்கும். உப்புக் கலந்த வியர்வையோ மின்சாரத்தை நன்கு கடத்துவது. ஆகவே, வியர்வைத் துளியை மற்றொரு விரலெனக் கருவி மயங்குதல் உண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. குளிரூட்டிய அறையிலிருந்து கணினியை வெளியே கொணர்ந்தால், ஐஸ் இட்ட தேநீர்க் குவளையின் புறத்தே நீர் அரும்புவதுபோல் அதன்மேலும் ஈரம் படியக்கூடும். செம்மண் தூசி வியர்வையோடு குழைந்து பலகையின் விளிம்பில் இறுகினால், அழுத்தும் பொத்தானும் இயங்காது.

பரிகாரம் எளிது. மாணவர் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே தொடவேண்டும். கணினியை நிறுத்திவிட்டு, சற்றே நனைத்த மெல்லிய துணியால் பலகையைத் துடைத்து உலரவிடுக. நீரை நேரே தெளிக்கலாகாது. குறை நீடித்தால் மவுஸ் ஒன்றை இணைத்துப் பார்க்க. அதனால் அம்புக்குறி ஒழுங்காக நகருமாயின், பழுது பலகையில் இருக்கலாம். மின்னூட்டியைக் கழற்றியதும் நடுக்கம் நின்றால், மின்னூட்டியையோ எர்த் இணைப்பையோ ஆராய்க. பலகை மேலெழும்பியிருப்பின், அடியிலுள்ள மின்கலம் வீங்கியிருக்கலாம். அதனை அழுத்துதல் ஆபத்து. உடனே அணைத்து, மின்னேற்றாமல், பழுது பார்ப்போரிடம் ஒப்படைக்க.

ஆசிரியர் அன்பர்களே, "தோட்டத்துப் பிள்ளைக்குக் கணினி வராது" என்னும் பழி, துடைக்காத ஒரு துளி வியர்வையால் எழலாகாது. முதலில் பலகையைத் துடைப்போம். பிறகு பாடத்தைத் தொடங்குவோம்.