ஆக்சிஜன் குமிழைத் தொடாதீங்க... ஆளை நிமிர்த்தி உட்கார வைங்க!

2021 மே மாதம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைச் சென்னை இன்னும் மறக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் பல வீடுகளுக்குள் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்தது. கூடவே, 'ஆக்சிஜன் எவ்வளவு கூடினாலும் நல்லதுதான்' என்ற தவறான எண்ணமும் வந்துவிட்டது.

கொரட்டூரில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ, இ.எஸ்.ஐ அட்டை இருந்தால் அயனாவரத்துக்கோ, பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவமனைக்கோ கொண்டுபோவார்கள். எங்கே சேர்த்தாலும் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துபோவது சில நிமிடங்கள்தான். மற்ற நேரம் கட்டில் பக்கத்தில் இருப்பது மகளோ, மருமகளோ, தம்பியோதான். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

நிமிர்ந்தால் நுரையீரல் விரியும்

மல்லாந்தே படுத்திருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது. அங்கே சளி தேங்கி, கிருமி பெருகும். கால் எலும்பு முறிவுக்கோ, வயிற்று ஆபரேஷனுக்கோ வந்தவருக்கு நிமோனியா வருவது பல நேரம் இப்படித்தான். டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைக்கலாம்.

சாப்பாடு கொடுக்கும்போது உட்கார வையுங்கள். அரைமயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். தினமும் பல் துலக்கிவிடுங்கள். வாயில் உள்ள கிருமிகளும் நுரையீரலுக்குள் இறங்கக்கூடியவை.

மூன்று பந்து கருவி

இதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை வெளியே விட்டு, உதட்டால் குழாயைக் கவ்வி, மெதுவாக ஆழமாக இழுத்து, 3 முதல் 5 விநாடி அடக்கி விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை செய்யலாம். தலை சுற்றினால் ஓய்வு கொடுங்கள். தையல் போட்ட வயிறு என்றால், அதன்மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் வலி குறையும்.

88-ஐ பார்த்துப் பதறலாமா?

ஆரோக்கியமானவருக்கு ஆக்சிஜன் அளவு 95-க்கு மேல் இருக்கும். ஆனால் வருடக்கணக்கில் பீடி, சிகரெட் பிடித்தவர்கள், பட்டறைப் புகையிலும் தூசியிலும் உழைத்தவர்கள், விறகடுப்பில் சமைத்தவர்கள் பலருக்கு சி.ஓ.பி.டி எனும் நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கலாம். அவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் 88 முதல் 92 வரைதான் இலக்கு வைப்பார்கள். 'இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே' என்று குமிழைத் திருகினால், ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடி, நோயாளி தூங்குவதுபோலவே மயக்கத்துக்குப் போய்விடலாம். உங்கள் நோயாளிக்கு என்ன இலக்கு என்று நர்ஸிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் கருவி தவறாகக் காட்டக்கூடும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் சூடம், தீக்குச்சி, சிகரெட் எதுவும் கூடாது.

உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்

ஓய்வில் இருக்கும் பெரியவர் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவார். அது 25-ஐத் தாண்டினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினால் எழ முடியாத தூக்கம் வந்தாலோ காத்திருக்காதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் தயங்க வேண்டாம். நர்ஸ் திட்டுவாரோ என்ற கூச்சத்தில் போகும் பத்து நிமிடம் விலை மிகுந்தது.