பாதாளத்தில் போன கரெண்ட்!

1994-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குக் கணக்கு வேலை. ஆபீஸ் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் எவனோ ஒரு புண்ணியவான் 'ரோக்' விளையாட்டை ஏற்றியிருந்தான். மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற கலிஃபோர்னியா மாணவர்கள் 1980 வாக்கில் எழுதியது. படமே கிடையாது. ஈ-மெயில் விலாசத்தில் வருகிற சுழிதான் ஹீரோ. ஏ முதல் இஸட் வரை 26 எழுத்தும் 26 அரக்கர்கள்! 26 அடுக்கு பாதாளம் இறங்கித் தாயத்தைக் கொண்டுவர வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பேலன்ஸ் ஷீட் மாதிரியே இருக்கும் (அதுதான் வசதி).

செத்தால் செத்ததுதான். சேமித்ததைத் திறந்தாலே அந்த ஃபைல் அழிந்துவிடும். மூன்று வாரம் லஞ்ச்சைத் தியாகம் செய்து 19-வது அடுக்கில் நிற்கிறேன்... கரெண்ட் போச்சு!

"என்னப்பா, கண் கலங்குது? லெட்ஜர் போச்சா?" என்றார் மானேஜர்.

"ஆமா சார்."

பாவம் மனுஷன், டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ மட்டும் தொண்டையில் இறங்கவே இல்லை.